எப்பங்க வருது?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிற மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். என் வண்டிக்கு ஒன்பதாவதிலேயே மூச்சு முட்டியது. அங்கே இருக்கிற லோம்ஸ் வியூ பாயின்ட்டில் மற்றவர்கள் ஆழியாறு அணையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் பானெட்டைத் தூக்கிவைத்து, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமலே உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு வருடம் ஓடிய டீசல் கார். பொள்ளாச்சி தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. சமதளத்தில் அறுபதில் சுகமாக வந்தது. மலை தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. மிதிக்கும்போதெல்லாம் 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல், பின்கண்ணாடியில் கறுப்புப் புகை. காலை எடுத்தால் சீறலும் இல்லை, புகையும் இல்லை. இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

ஊர் திரும்பியதும் காட்டிய முதல் பட்டறையில், வண்டிக்குள் ஸ்கேனரைச் சொருகினார்கள். திரையில் பி 0299 என்று வந்தது. "டர்போ போச்சுங்க சார். புதுசு மாத்திரலாம்." அவர்கள் சொன்ன தொகை ஐந்து இலக்கம். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் போனது ஒரு தகரக் கொட்டகை. அறுபதைத் தொட்ட மெக்கானிக் அண்ணன் ஒருவர், பானெட்டைத் திறக்கவே இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"சத்தம் எப்பங்க வருது?"

"மேடு ஏறையில வருதுங்கண்ணா."

"மேட்டுல வருதா, மிதிச்சா வருதா?"

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்விகள் வந்தன. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இருக்கிறதா? கிளட்சை மிதித்தால் போகிறதா? நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினால் வருகிறதா? ஏசி போட்டால் மாறுகிறதா? நாலு கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: கவனிக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, "ஊளையா, சீறலா? அதாச்சும் சொல்லுங்க" என்றார்.

சீறல் என்றேன். "அப்ப டர்போ இருக்குதுங்க" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்த ஒரு சொல்லை வைத்து அவரால் எப்படி அவ்வளவு தூரம் போக முடிந்தது என்பது எனக்கு வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் விளங்கியது. டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சிறு விசிறிகள். சைலன்சருக்குப் போகும் புகை ஒன்றைச் சுழற்ற, மற்றது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய கார்களின் டர்போ, இன்ஜினுக்கு முழு வேலை கொடுக்கும்போது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கூடத் தொடும். விநாடிக்கு மூவாயிரத்துச் சொச்சம் சுற்று. தண்டின் பேரிங் தேய்ந்து விசிறி கொஞ்சம் ஆடினாலும், அந்த ஆட்டம் விநாடிக்கு மூவாயிரம் முறை திரும்பத் திரும்ப வரும். ஒரே இடைவெளியில் திரும்ப வரும் அதிர்வுக்குச் சுருதி உண்டு. ஏறத்தாழ போக்குவரத்துக் காவலரின் விசில் இருக்கிற உயரத்தில் அது கேட்கும். மிதிக்க மிதிக்கச் சுற்று கூடும், சுருதியும் ஏறும். சங்கு ஊதுவதுபோல ஊளை.

ஓட்டை வழியாகப் பீறிடும் காற்றின் கதை வேறு. அது சுழல் சுழலாக உடைந்து, ஒழுங்கே இல்லாமல் கலைகிறது. எல்லா அதிர்வெண்களும் கலந்து கிடப்பதால் அதற்குச் சுருதி கிடையாது. குக்கரின் கேஸ்கெட் வழியாக ஆவி கசியும்போது கேட்கிறோமே, அந்த ஜாதி. சுழலும் பொருள் பாடும், கசியும் காற்று சீறும். இந்த வேறுபாட்டை ஸ்கேனர் சொல்லாது.

ஸ்கேனர் சொன்னதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. பி 0299 என்றால், வண்டியின் கணினி கேட்ட அளவு காற்றழுத்தம் இன்ஜின் வாசலில் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். சம்பளம் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றால் முதலாளி கொடுக்கவில்லை என்றும் இருக்கலாம், சட்டைப்பையில் ஓட்டை என்றும் இருக்கலாம். அந்தக் குறியீட்டின் விளக்கத்தில் டர்போ என்ற சொல் இருந்ததால் முதல் பட்டறை டர்போவைப் பிடித்துக்கொண்டது.

இப்போது டீசல் இன்ஜினுக்குள் கொஞ்சம் போக வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு அதன் அடிப்படை தெரியும்: வேகமாக அடித்தால் பம்பின் அடி சுடும். காற்றை அமுக்கினால் சூடேறுகிறது. ருடால்ஃப் டீசல் இந்தச் சூட்டையே தீக்குச்சியாக்கினார். 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் சோதித்த அவருடைய இன்ஜின், எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இன்ஜின்கள் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இன்றைய டீசல் கார்களில் பிஸ்டன், காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று சுருக்குகிறது. வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தத் தணலுக்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் வேண்டியதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெட்ரோல் காரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் காற்றுக்குக் கதவு திறக்கிறது. டீசலில் மிதித்தால் கூடுவது எரிபொருள். காற்று, டர்போ தள்ளுகிற அளவுக்கு, வந்துகொண்டே இருக்கும். நாம் அதில் எவ்வளவு டீசலைக் கலக்கலாம் என்பதுதான் கணக்கு. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். லிட்டரில் சொன்னால் ஒரு லிட்டர் டீசலுக்குப் பத்தாயிரம் லிட்டர் காற்று, அதுவும் குறைந்தபட்சம். பங்க்கில் நாம் பணம் கொடுத்து வாங்குவது பத்தாயிரத்தில் ஒரு பங்கை. மிச்சத்தை வழியிலேயே உறிஞ்சிக்கொள்கிறோம். அதனால் 'புல்லிங் இல்லை' என்று டீசல் காரைக் கொண்டு வந்து நிறுத்தினால், காற்றை முதலில் சந்தேகப்படுவதுதான் நியாயம்.

அப்படியானால் சமதளத்தில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேருடன் வண்டி 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு டயர் உராய்வையும் எதிர்க்காற்றையும் சமாளிக்க ஆறேழு குதிரைத் திறன் போதும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில், 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்க மட்டுமே 13 குதிரைத் திறன். உராய்வையும் சேர்த்தால் பதினைந்தைத் தாண்டும். பாதி வேகத்தில் இரண்டு மடங்கு வேலை. போதாததற்கு ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் ஏறத்தாழ நின்று கிளம்ப வேண்டும். சமதளத்தில் டர்போ அரைத்தூக்கத்தில் இருக்கலாம். மலையில் அது எழுந்து உட்கார வேண்டும். மலை நோயை உண்டாக்கவில்லை, கேட்டு வாங்கிக் காட்டியது. 'மேட்டுல வருதா, மிதிச்சா வருதா' என்று அவர் பிரித்துக் கேட்டது அதற்காகத்தான். மேட்டில் மட்டும் என்றால் எரிபொருள் டேங்கின் சாய்வுகூடக் காரணமாகலாம். மிதித்தால் என்றால் அழுத்தம்தான்.

அண்ணன் செய்த சோதனை, பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதன் அண்ணன் முறைதான். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றினார். தெரிந்த டர்போ விசிறியின் நடுத்தண்டை விரலால் மேலும் கீழும் அசைத்துக் காட்டினார், இம்மியளவு ஆடியது. முன்னும் பின்னும் தள்ளினார், ஆடவில்லை. விசிறி சுவரில் உரசிய கீறலும் இல்லை. "இது சுத்தமான டர்போங்க." பிறகு அந்த வாயில் ஒரு பிவிசி மூடியை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினார். மூடியின் நடுவில் பழைய டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதன் வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஸ்ப்ரே பாட்டிலில் கரைத்து வைத்திருந்த சோப்புத் தண்ணீரை, டர்போவிலிருந்து, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு இறங்கும் தடித்த ரப்பர் ஹோஸின் மேல் அடித்துக்கொண்டே வந்தார்.

கிளாம்புக்கு ஒரு விரல் கீழே, ஹோஸின் அடிப்பக்கத்தில், நுரை பூத்தது. கையால் தடவினால் தெரியாத இடம். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அங்கே மட்டும் கறுப்பாகப் பூசியிருந்தது. காற்றை நிறுத்தினார், நுரை அடங்கியது. ரப்பரின் வெடிப்பு இரண்டு உதடுகள்போல் ஒட்டிக்கொண்டது. மறுபடி காற்று விட்டார், உதடுகள் பிரிந்தன. அவர் அதை மூன்று முறை செய்து காட்டினார். பட்டறை வாசலில் நின்று பார்த்தால் முழுதாக இருக்கிற ஹோஸ், ஒன்பதாவது வளைவில் மட்டும் வாய் திறந்திருக்கிறது.

கறுப்புப் புகைக்கும் அதுவே காரணம். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று அளக்கும் சென்ஸர், டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. அது எண்ணிச் சொன்ன காற்றுக்குத் தக்கபடி கணினி டீசலைக் கொடுக்கிறது. எண்ணிய காற்றில் ஒரு பங்கு, எண்ணிய பிறகு வழியில் தப்பிவிட்டது. டீசல் முழுதாக வந்தது, காற்று குறைந்தது, எரியாத கரி கறுப்பாக வெளியேறியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று கணினி டீசலையே குறைத்துவிட்டது. இழுவை போனது அப்போதுதான்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள பிரிவினை கிடைக்கிறது. இழுவை இல்லை, கறுப்புப் புகை உண்டு என்றால் காற்றுப் பற்றாக்குறை. ஏர் ஃபில்டர் அடைப்பு, ஹோஸ் வெடிப்பு, டர்போவின் சிறகுகளில் கரி படிந்து இறுகியது, கழிவுப்புகையைத் திரும்ப உள்ளே விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது என்று தேடலாம். இழுவை இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் பற்றாக்குறை. முதலில் டீசல் ஃபில்டர். மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது, எண்பதைத் தாண்டினால் வெட்டி வெட்டி இழுக்கும்; அடைத்த ஃபில்டரின் கையெழுத்து அது. ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால், டீசலைவிடக் கனமானதால், ஐந்து நிமிடத்தில் அடியில் தனிக் கோடாகப் பிரிந்து நிற்கும்.

வெள்ளைப் புகை கண்ணைக் கரித்தால் எரியாத டீசல். இனிப்பு வாடை அடித்தால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை அடிப்பதை நம் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்து, அமுக்கிய காற்று கீழே கசிகிறது. சைக்கிள் பம்பின் வாஷர் தேய்ந்தால் காற்றும் ஏறாது, அடியும் சுடாது, இங்கும் அதேதான். காற்று சூடேறாததால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதிக்குப் பிறகு வாங்கிய டீசல் வண்டி என்றால், சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கும். சேர்ந்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரி அளவில் எரித்துத் தீர்க்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கி, வீட்டுக்குத் திரும்புவதோடு சரி என்றால் அந்தச் சூடு வரவே வராது. ஃபில்டர் அடைத்துக்கொண்டு வண்டி மந்தமாகும். இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு டீசல் கார் வாங்குவதே தப்பு என்பது என் கருத்து. விற்கும்போது இதைச் சொல்லி விற்பவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

இடையில் ஓர் எச்சரிக்கை. டர்போவின் ஆயில் சீல் முற்றிலும் போய், இன்ஜின் ஆயில் காற்றோடு சேர்ந்து உள்ளே போகத் தொடங்கினால், டீசல் இன்ஜினுக்கு அதுவே எரிபொருள். சாவியை எடுத்தாலும் நிற்காது. நிறுத்துவதற்கு அணைக்க வேண்டிய பொறி ஏதும் அதில் இல்லையே. தானாகவே உச்ச வேகத்துக்கு ஏறி, பின்னால் மேகம்போல் புகையைக் கக்கும். மேனுவல் கியர் வண்டியில், நிற்கும்போது பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு, இன்ஜினை அமுக்கி நிறுத்தலாம். முடியாவிட்டால் எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்பதுதான் புத்தி. கையால் காற்று வாயை அடைக்கப் போகக் கூடாது.

இனி சத்தங்கள். ஒரு காரில் பல கடிகாரங்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில். இன்ஜின் 800 சுற்றில் நின்று ஓடும்போது கிராங்க் தண்டு விநாடிக்குப் பதின்மூன்று முறை சுற்றுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு அதில் பாதி, ஆறேழு முறை. நாலு சிலிண்டரும் சேர்ந்து விநாடிக்கு இருபத்தேழு முறை வெடிக்கின்றன. சக்கரங்கள் ஓடுவது சாலை வேகத்தில். அவற்றுக்கும் இன்ஜின் சுற்றுக்கும் நடுவில் கியர் நிற்கிறது. ஒரு சத்தம் எந்தக் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் தேட வேண்டிய இடம் கால்வாசியாகக் குறைந்துவிடும். அதே சாலை வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். சத்தம் மாறினால் இன்ஜின் பக்கம். மாறாமல் ரீங்கரித்துக்கொண்டே வந்தால் சக்கரம், டயர், வீல் பேரிங். இடது பக்கம் வளைக்கும்போது ரீங்காரம் கூடினால், எடை போய்ச் சாய்வது வலது சக்கரத்தின் மேல் என்பதால், வலது பேரிங்கைப் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது கிளட்சை மிதித்ததும் ஒரு கரகரப்பு தோன்றினால் கிளட்ச் பேரிங். இருந்த கரகரப்பு மறைந்தால் கியர் பெட்டிக்குள் உள்ள பேரிங்.

நாலு சிலிண்டர் இன்ஜினின் நடையை 'தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள். நாலு எழுத்தும் சம எடையில் விழ வேண்டும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் 'தக-மி, தக-மி' என்று நொண்டும். வண்டியே அந்தத் தாளத்தில் குலுங்கும். இதற்குப் பட்டறை மொழியில் 'மிஸ்ஸிங்'. எந்த எழுத்து விழுங்கப்படுகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு இன்ஜெக்டரின் வயர் சாக்கெட்டாகக் கழற்றுகிறார்கள். நல்ல சிலிண்டரின் சாக்கெட்டைக் கழற்றினால் நொண்டல் அதிகமாகும். செத்த சிலிண்டருடையதைக் கழற்றினால் எந்த மாற்றமும் இருக்காது.

பழைய லாரிகளில் இதையே நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்திச் செய்வார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த கை புது வண்டியில் ஸ்பேனரை வைத்துவிடக் கூடாது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம் கார்களுக்கு வந்த காமன் ரெயில் முறையில், பொது ரெயில் குழாய்க்குள் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் நிற்கிறது. 1,600 பார் வரை சாதாரணம். டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். ஊசிமுனைக் கசிவிலிருந்து வரும் டீசல் கீற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலிகூடக் குறைவு. உடனே அறுவை செய்யாவிட்டால் விரலே போகலாம்.

அந்தக் கொட்டகையிலேயே இன்னொரு டாக்ஸி நின்றிருந்தது. அதன் நாலு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் வாயிலும் மெல்லிய டியூப் சொருகி, நாலு காலி டானிக் பாட்டில்களில் விட்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் ஓடியதும் மூன்று பாட்டில்களில் ஒரு விரற்கடை டீசல். நாலாவது கழுத்துவரை நிறைந்திருந்தது. உள்ளே தேய்ந்துபோன அந்த ஒரு இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் போக வேண்டியதைத் திரும்ப டேங்குக்கே விட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கணினியும் இல்லாமல், மருந்துக்கடை பாட்டிலில் வரைந்த வரைபடம்.

டீசல் வண்டிக்கே உரிய 'டக்டக்' வேறு. பீய்ச்சிய டீசல் அந்தக் கணமே பற்றிக்கொள்வதில்லை. ஆயிரத்தில் ஒரு விநாடி அளவுக்குத் தயங்கும். அந்தத் தயக்கத்தில் உள்ளே சேர்ந்த டீசல் எல்லாம் பற்றும்போது ஒரே அடியாகப் பற்றுகிறது. சுத்தியலால் தட்டியதுபோல் இரும்பு அதிர்கிறது. குளிர்ந்த இன்ஜினில் தயக்கம் நீளம், அதனால் காலையில் சத்தம் அதிகம். காமன் ரெயில் வண்டிகள் இதற்கு ஒரு தந்திரம் செய்கின்றன. நின்று ஓடும்போது ஒரு முறை பீய்ச்சுவது ஐந்து கன மில்லிமீட்டர் அளவு, ஒரு துளித் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு. அதற்கும் முன்னால் ஒன்றிரண்டு கன மில்லிமீட்டரை முன்னோடியாகத் தெளித்து, சின்னத் தீயை மூட்டி வைத்துவிடுகிறது கணினி. பிறகு வரும் டீசல் தயங்காமல் எரிகிறது. இன்ஜெக்டர் தேய்ந்து, அந்தத் துளியின் துளியை அளந்து விட முடியாமல் போனால் பழைய டக்டக் திரும்பி வரும்.

இதே டக்டக், கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்தாலும் வரும். ஒன்று சில ஆயிரத்தில் முடியும் வேலை, இன்னொன்று இன்ஜினையே இறக்க வேண்டிய வேலை. காது குழம்பும் இடம் இது. இங்கும் 'எப்போது' என்ற கேள்விதான் துணை. ஸ்டார்ட் செய்த சில விநாடிகள் மட்டும் கலகலத்துவிட்டு அடங்கினால், ஆயில் அழுத்தம் ஏறும்வரை தளர்ந்திருந்த டேப்பட்டோ டைமிங் செயினோ. குளிரில் தட்டி, சூடானதும் மறைந்தால் பிஸ்டன். அலுமினியம் விரிந்து இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. குளிரில் அமைதி, சூடாகச் சூடாக அடி பலக்கிறது என்றால் வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டியதுதான். ஆயில் இளகி, தேய்ந்த பேரிங்கைத் தாங்க முடியாமல் போகிறது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எங்கே என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகு. அதற்கு அண்ணனிடம் இருந்தது ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர். கூர்முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதின் முன் எலும்பில் அழுத்திக்கொண்டார். இரும்பிலிருந்து காற்றுக்குத் தாவும்போது ஒலியின் பெரும்பகுதி திரும்பி இரும்புக்கே போய்விடுகிறது; வெளியே நமக்குக் கேட்பது எச்சம். இரும்பிலிருந்து இரும்புக்கும், அதிலிருந்து எலும்புக்கும் போனால் இழப்பு வெகுவாகக் குறைகிறது. 1816-இல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர் ஒரு தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. ஸ்க்ரூ டிரைவர் அதன் பட்டறைப் பங்காளி. சுழலும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

புது ஹோஸ் மாட்டிக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி ஆழியாறு போனோம். ஒன்பதாவது வளைவு எப்போது வந்தது என்றே தெரியவில்லை. இருபதாவதைத் தாண்டியபோது, ஜன்னலை இறக்கியிருந்த இடத்தில், பாறைச் சுவரில் பட்டுத் திரும்பிய ஓசையில் புதிதாக ஒன்று கேட்டது: மெல்லிய 'சுக் சுக் சுக்'. இதற்கு முன் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிட்டாரோ என்று எரிச்சலாக இருந்தது.

இந்த முறை தயாராகப் போனேன். "குளிர்ல அதிகமுங்கண்ணா. ரேஸ் பண்ணுனா சேந்து வேகமாகுது. கிளட்சுக்கு மாறல. ஏசிக்கு மாறல. மிதிச்சா பலமாக் கேக்குது."

அண்ணன் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். மூன்றாவது இன்ஜெக்டரின் அடியைச் சுற்றி, தார் காய்ந்ததுபோல் கெட்டியான கறுப்பு. விரல்நகத்தால் சுரண்டினால் உடைந்து வந்தது. இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில், அமுக்கமும் நெருப்பும் வெளியே வராமல் அடைத்து நிற்பது பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு செம்பு வாஷர். அது கசிந்தால், ஒவ்வொரு அமுக்கத்துக்கும் ஒரு மூச்சு வெளியே வரும். அந்த மூச்சில் வரும் கரி வருடக்கணக்கில் படிந்து தாராகும்.

"போன வாரம் இது இல்லீங்களே?"

"மூணு வருசத்துக் கரிங்க இது. அந்த உஸ்ஸுக்கு அடியில உங்களுக்குக் கேக்கல, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, கறுப்பின் மேல் டீசலை ஊற்றி ஊறவிட்டார். ராத்திரி ஊறினால்தான் இன்ஜெக்டர் உடையாமல் வெளியே வருமாம். நாளைக் காலையில் வரச் சொன்னார்.